சோலார், காற்றாலைத் திட்டங்களுக்குச் சட்ட ஆலோசனை: இந்த வேலைக்குப் போகலாமா?

கரிசல்வக்கீல் | ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஆறு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். பெரும்பாலும் சிவில்தான். பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு, பாதைத் தகராறு, உறுத்துக்கட்டளை, இதுதான் என் அன்றாடம். போன வாரம் சீனியர் ஒருவர் மூலமாகச் சென்னையில் ஒரு சட்ட ஆலோசனை நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. சோலார், காற்றாலைத் திட்டங்களுக்கு நிலப் பத்திரம் பார்ப்பது, மின் கொள்முதல் ஒப்பந்தம் படிப்பது, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுப் போடுவது என்று மூன்று பக்கமும் வேலை இருக்குமாம்.

2030-க்குள் 500 கிகாவாட் என்கிறார்கள். 2070-இல் நிகர பூஜ்யம் என்று கிளாஸ்கோவில் சொல்லிவிட்டு வந்தார்கள். செய்தியில் படிக்கும்போது எல்லாம் பொறியாளர் வேலையாகத்தான் தெரிகிறது. இதில் வக்கீலுக்கு உண்மையில் என்ன வேலை? பேனல் நடுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் ஆளாகத்தான் இருக்கப்போகிறேனா? துறையில் இருப்பவர்கள் மனசு விட்டுச் சொல்லுங்கள். ஊரை விட்டுப் போகிற முடிவு, அதனால் கேட்கிறேன்.

தாய்ப்பத்திரம் | ஞாயிறு இரவு 10:47

தம்பி, பதின்மூன்று வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். வேலை இருக்கிறது, நிறைய இருக்கிறது, அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

ஒரு ஃபைலைச் சொன்னால் புரியும். விளாத்திகுளம் வட்டாரத்தில் 43 ஏக்கர், 19 பட்டா. கம்பெனிக்காக ஒரு இடைத்தரகர் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கி வைத்திருந்தார். முன்னால் பார்த்த வக்கீல் 'உரிமை தெளிவாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் பொருந்தித்தான் இருந்தன. ஆனால் பட்டாவில் இருந்த பெயர்கள் யூ.டி.ஆர். (அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் ஏறியவை. நான் அ-பதிவேட்டை (சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேடு) எடுத்துப் பார்த்தேன், அப்புறம் தாலுகா ஆபீசில் பழைய பதிவேட்டையும் கேட்டு வாங்கினேன். நடுவில் இருந்த ஒன்றரை ஏக்கர் தாத்தா சொந்தமாகக் கிரயம் வாங்கியது. உயில் கிடையாது. பையன்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாரிசுச் சான்றிதழில் இரண்டு பெண்கள் பெயரும் இருந்தது, பத்திரத்தில் இல்லை. தாத்தாவின் சுயார்ஜிதம் என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகம் என்றாலும் தமிழ்நாட்டில் 1989 திருத்தம், பிறகு 2005 மத்தியத் திருத்தம். எந்த வழியில் போனாலும் அந்த இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் அவர்கள் பங்கை அந்தப் பத்திரம் கட்டாது.

ஒருவர் உள்ளூரிலேயே இருந்தார். இன்னொருவர் பிவண்டியில். அவர் ரயிலேறி வந்தார். சார்பதிவாளர் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து முழுப் பத்திரத்தையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரே கேள்விதான்: "கிணத்துல எங்க பங்கு நாலுல ஒண்ணு, அது எங்க போச்சு?" யாருமே கவனிக்கவில்லை. கிணறு பக்கத்துச் சர்வே எண்ணில் இருந்தது. நிலத்தோடு சேர்ந்து வருகிற கிணற்றுப் பங்கும், அந்த மோட்டாருக்கான ஈ.பி. சர்வீஸும் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் கேட்டிராவிட்டால் மிச்ச நிலத்தை வைத்திருக்கிற குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் அந்தக் கிணற்றடியில் காலாகாலத்துக்கும் சண்டை நடந்திருக்கும். பத்திரத்தைத் திரும்ப எழுதினோம்.

அந்த ஒன்றரை ஏக்கர் 43 ஏக்கருக்கு நடுவில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அதில் ஒரு தடையுத்தரவு வந்தால் கேபிள் போக வழியில்லை. கடன் கொடுக்கிற வங்கி பணத்தை விடாது. ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் மின்சாரம் கொடுக்காவிட்டால் அபராதம். பெரிய திட்டம் என்று நாம் பேசுவதெல்லாம் இப்படி ஒரு கையெழுத்தில்தான் நிற்கிறது.

இன்னும் இருக்கிறது. பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு அரசு ஒப்படைத்தது, மற்றவர்களுக்கு விற்கக்கூடாது) ஒரு சர்வே எண்ணில் இருந்தால் அந்த எண்ணைத் தொடவே கூடாது. 1892-இலிருந்து வருகிற நிபந்தனை அது, எத்தனை கை மாறியிருந்தாலும் குணப்படாது. ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால், கோயில் நிலம், பூதான நிலம், 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் வாங்க வேண்டிய அனுமதி. சிவில் கோர்ட்டில் ஆறு வருடம் இருந்தவருக்கு இதெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னையில் இருந்துகொண்டு ஸ்கேன் காப்பியில் பார்ப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஒப்பந்தப் பக்கம் நாளைக்கு எழுதுகிறேன்.

நூற்பாலை | திங்கள் காலை 7:05

மேடம் சொன்னது நிலப் பக்கம். நான் மின்சாரம் வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பல்லடம் அருகே சின்ன ஸ்பின்னிங் மில். எங்கள் செலவில் பஞ்சுக்கு அடுத்தது கரண்ட்தான். அதனால் நாங்கள் ஆறு மில் சேர்ந்து ஒரு காற்றாலைக் கம்பெனியில் குரூப் கேப்டிவாக (பலர் பங்கு போட்டு, சொந்தத் தேவைக்கு மின்சாரம் எடுக்கும் முறை) சேர்ந்தோம்.

விதி இதுதான். 2005 மின்சார விதிகளில் மூன்றாவது விதி. பயன்படுத்துகிறவர்கள் கையில் 26 சதவீதமாவது பங்கு இருக்க வேண்டும். ஆண்டில் உற்பத்தியாவதில் 51 சதவீதமாவது நாங்களே எடுத்திருக்க வேண்டும். அதுவும் அவரவர் பங்குக்கு ஏற்ற அளவில், பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். இதைக் காப்பாற்றினால் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்கினால் வாரியத்துக்குக் கட்டுவது) கிடையாது. தவறினால் அந்த வருடம் முழுவதற்கும் கட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடும்போது எங்கள் ஆடிட்டர்தான் பார்த்தார். வக்கீல் செலவு எதற்கு என்று விட்டுவிட்டோம். இரண்டாம் வருடம் நூல் விலை சரிந்தது, எங்களில் ஒரு மில் இரவு ஷிப்டை நிறுத்தியது. அவர் எடுக்க வேண்டிய யூனிட்டில் பாதிகூட எடுக்கவில்லை. ஜனவரியில்தான் கணக்குப் பார்த்தோம். மார்ச் 31-க்குள் அவர் பங்கில் ஒரு பகுதியை இன்னொருவர் வாங்கினால் சரிசெய்யலாமா என்று கேட்டால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை. ஒருவர் குறைத்தால் மற்றவர்களுக்கு எப்போது தெரிவிக்க வேண்டும், நஷ்டம் யாருக்கு, எதுவும் எழுதவில்லை. முப்பது வருடமாக ஒன்றாகப் பஞ்சு வாங்கிய ஆட்கள், இன்றைக்கு இரண்டு பேருக்குள் பேச்சு இல்லை.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த கேப்டிவ் விதியைப் பற்றி விரிவான தீர்ப்பு கொடுத்த பிறகு எங்கள் ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதினோம். இந்த முறை ஒரு பெண் வக்கீல் இரண்டு நாள் மில்லில் தங்கி, எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மாதா மாதம் ஆறு மில்லின் யூனிட் கணக்கும் ஆறு பேருக்கும் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் போதும். தம்பி, இந்த வேலைக்கு ஆள் தேவை. போங்கள்.

ஐம்பதுஹெர்ட்ஸ் | திங்கள் மதியம் 1:30

நான் லோடு டெஸ்பாட்ச் (எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் கட்டுப்பாட்டு அறை) பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல்களிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் காற்றாலையை நிறுத்தச் சொல்லும்போது எல்லாம் அநியாயம் என்றே எழுதுகிறீர்கள். ஆடி மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள். ஊர் தூங்குகிறது, தேவை இறங்கிக்கொண்டே போகிறது, ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்று பிய்த்து எடுக்கிறது. அனல் நிலையத்தை ஒரு அளவுக்குக் கீழே இறக்க முடியாது, இறக்கினால் காலையில் திரும்ப ஏற்ற முடியாது. கட்டமைப்பின் அதிர்வெண் மேல் வரம்பான 50.05 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. போனை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தாய்ப்பத்திரம் | திங்கள் இரவு 9:58

சார், அந்த ராத்திரி இரண்டு மணி நிறுத்தத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அதைச் சட்டமும் அனுமதிக்கிறது. சண்டை வேறு இடத்தில். தமிழ்நாட்டில் 2014-இல் சோலாருக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று ஆணையம் விலை வைத்தது. கமுதியில் 648 மெகாவாட் நிலையம் அந்தக் கணக்கில் வந்ததுதான். 2017-இல் இதே தமிழ்நாடு ஏலம் விட்டபோது 3.47-க்குக் கிடைத்தது. இவ்வளவு இடைவெளி இருந்தால் விலை கூடிய யூனிட்டை நிறுத்திவைக்க யாருக்கும் தோன்றும். பட்டப்பகலில், அதிர்வெண் சரியாக இருக்கும்போது, சோலாரைக் குறைக்கச் சொன்னால்?

அதைத்தான் சோலார் கம்பெனிகளின் தேசிய சூரிய ஆற்றல் கூட்டமைப்பு டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனது. தேசிய அளவில் மின்கட்டமைப்பை நடத்தும், அப்போது போசோகோ என்ற பெயரில் இருந்த நிறுவனத்தை வைத்தே அந்த நாட்களின் பதிவுகளை ஆராயச் சொன்னார்கள். நிறுத்தச் சொன்ன நேரங்களில் பெரும்பகுதிக்கும் கட்டமைப்புப் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. 2021 ஆகஸ்ட் 2-இல் தீர்ப்பு: பாதுகாப்பு தவிர வேறு காரணத்துக்காக நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசும் கட்டாயம் ஓட வேண்டிய நிலையங்கள் பற்றித் தனி விதியே கொண்டுவந்துவிட்டது. உங்களைப் போன்றவர்கள் நேரத்தையும் காரணத்தையும் ஒழுங்காகக் குறித்துவைத்ததால்தான் உண்மை வெளியே வந்தது. அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் எங்கள் வாதத்துக்குக் காலே கிடையாது.

கரிசல் தம்பி, ஒப்பந்தப் பக்கத்தின் அடிப்படை இதுதான். 2003 மின்சாரச் சட்டத்தில் விலைக்கு இரண்டு கதவு. பிரிவு 62 வழியாகப் போனால் ஆணையம் செலவுக் கணக்குப் பார்த்து விலை வைக்கும். பிரிவு 63 வழியாகப் போனால் ஏலத்தில் வந்த விலையை ஆணையம் ஏற்றுக்கொள்ளும். இன்றைக்குப் பெரிய திட்டங்கள் எல்லாம் இரண்டாவது கதவுதான். மத்திய அரசின் செகி (இந்திய சூரிய ஆற்றல் கழகம்) நிறுவனம் நடுவில் நின்று உற்பத்தியாளரிடம் 25 வருடத்துக்கு வாங்கி, யூனிட்டுக்கு 7 பைசா வைத்து மாநில வாரியங்களுக்கு விற்கிறது. ஏலத்தில் பைசா பைசாவாகக் குறைத்துக் கேட்டிருப்பார்கள். 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99 ரூபாய் வரை போனது. அந்த விலையில் நிற்பவனுக்கு நடுவில் ஒரு வரி மாறினால் எல்லாம் போயிற்று. 2018 ஜூலையில் இறக்குமதி சோலார் செல்லுக்கு 25 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தபோது, 'சட்ட மாற்றம்' என்கிற (இடையில் சட்டம் மாறினால் கூடும் செலவைக் கேட்டு வாங்க வழிசெய்யும்) ஒரே ஒரு பிரிவை வைத்துத்தான் எத்தனையோ திட்டங்கள் பிழைத்தன. அந்தப் பிரிவில் 'வரி' என்ற சொல் இருக்கிறதா, எந்தத் தேதிக்குப் பிறகு வந்தால் மாற்றம் என்று கணக்கு, எத்தனை நாளில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் பார்ப்பதுதான் நம் வேலை.

கரிசல்வக்கீல் | செவ்வாய் காலை 8:20

நன்றி மேடம். கிணற்றுப் பங்கு விஷயம் இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. ஒரு சந்தேகம். 25 வருடம் என்று அரசே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆட்சி மாறியதும் விலையைக் குறை என்று சொன்னால்? ஆந்திராவில் அப்படித்தான் நடந்து, கோர்ட்டும் பாதி விலைக்குச் சரி என்றுவிட்டதாக ஞாபகம்.

கடன்மேசை | செவ்வாய் இரவு 8:41

பாதிதான் சரி. அந்த மூன்று வருடமும் நான் திட்டக் கடன் பார்க்கும் மேசையில் இருந்தேன், அதனால் நாள் வாரியாக ஞாபகம் இருக்கிறது.

2019 ஜூலை 1-இல் ஆந்திர அரசு ஓர் அரசாணை போட்டது. காற்றாலை, சோலார் ஒப்பந்தங்களை எல்லாம் மறுபடி பேசி விலையைக் குறைக்க உயர்நிலைக் குழு. காற்றாலைக்கு ஆணையமே வைத்த விலை 4.84. அதை 2.43-க்குக் கொண்டுவா, சோலாரை 2.44-க்குக் கொண்டுவா என்றார்கள். இந்த எண்கள் இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால், 2017-இல் குஜராத் காற்றாலை ஏலத்தில் வந்த விலை 2.43, அதே வருடம் ராஜஸ்தான் பட்லா சோலார் பூங்காவில் வந்த விலை 2.44. வேறு ஊர் காற்று, வேறு ஊர் வெயில், வேறு வருடத்து மெஷின் விலை.

உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 செப்டம்பரில் தனி நீதிபதி அரசாணையை ரத்து செய்தார். ஆனால் விலை விஷயத்தை மாநில ஆணையத்துக்கு அனுப்பி, அதுவரை 2.43, 2.44 கணக்கில் இடைக்காலமாகக் கொடுங்கள் என்றார். நீங்கள் சொல்லும் 'பாதி விலை' இதுதான். அந்த இடைக்காலம் இரண்டரை வருடம் நீண்டது. கடன் தவணை மட்டும் முழுசாக வந்துகொண்டே இருந்தது. 2022 மார்ச் 15-இல்தான் டிவிஷன் பெஞ்ச், ஒப்பந்தத்தில் உள்ள விலையைத்தான் கொடுக்க வேண்டும், நிலுவையை ஆறு வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று முடித்து வைத்தது.

அந்த மூன்று வருடத்தில் எங்கள் கமிட்டியில் மாறியது என்ன தெரியுமா? எந்த மாநிலத்து ஃபைல் வந்தாலும் முதல் கேள்வி பேனலைப் பற்றி இல்லை, வாங்குகிறவர் யார் என்பதுதான். கடன் உத்தரவாதக் கடிதம் எத்தனை மாதத்துக்கு, ஒப்பந்தம் முறிந்தால் என்ன கிடைக்கும், வக்கீல் கருத்துரை எத்தனை பக்கம். ஒரு அரசின் வாக்கு ஆட்டம் கண்டால் அதற்கு வட்டியில் விலை போடுவார்கள். அந்த வட்டி கடைசியில் கரண்ட் பில்லில்தான் வரும். 2022 ஜூனில் தாமதக் கட்டண விதிகள் வந்து, பழைய பாக்கியை 48 தவணை வரை பிரித்துக் கட்டலாம், கட்டாத வாரியத்துக்கு வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கத் தடை என்று ஆனபிறகு நிலைமை கொஞ்சம் தேறியது.

புஞ்சைக்காடு | செவ்வாய் இரவு 11:16

நான் விவசாயி. இங்கே எழுதுவதெல்லாம் படித்தேன். அரசு கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு, கம்பெனி வங்கிக்குக் கொடுத்த வாக்கு, எல்லாவற்றுக்கும் கோர்ட் இருக்கிறது, விதி இருக்கிறது. எனக்குக் கொடுத்த வாக்குக்கு?

எனக்கு ஏழு ஏக்கர் மானாவாரி. உளுந்து, பாசி, கம்பு, மழை இருந்தால் மிளகாய். தரகர் வந்தார். கடன் இருந்தது. நாலு ஏக்கரைக் கொடுத்தேன். மிச்ச மூன்று ஏக்கர் உள்பக்கம். "பாதை அப்படியே இருக்கும் மாமா, பேனலுக்கு நடுவுல டிராக்டர் போற அளவுக்கு விடுவாங்க" என்றார். பத்திரம் பத்து மணிக்கு என்றார்கள், கையெழுத்துப் போட்டபோது சாயங்காலம் நாலு. பக்கம் பக்கமாகப் பெருவிரல் வைத்தது என் அம்மா. யாரும் வாசித்துக் காட்டவில்லை.

ஆறு மாதத்தில் சுற்றிலும் கம்பி வேலி. என் தாத்தா காலத்திலிருந்து மாட்டுவண்டி போன தடம் வேலிக்குள் போய்விட்டது. இப்போது மூன்று ஏக்கருக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்றி, அடுத்தவர் வரப்பில் நடந்து போகிறேன். டிராக்டர் போகாது. போன புரட்டாசி உழவே இல்லை. வேலிக்காக மேடு போட்டதில் கண்மாய்க்குப் போகிற ஓடைத் தண்ணீர் என் நிலத்தில் நின்று அழுகுகிறது. கேட்டுக்குப் போனால் செக்யூரிட்டி, அவருக்கு ஒன்றும் தெரியாது. தரகர் போனை எடுப்பதில்லை. பத்திரம் எழுதிய வக்கீல் கம்பெனி வக்கீல்.

வெயிலில் கரண்ட் எடுப்பது எனக்குப் பிடிக்காமல் இல்லை. என் வீட்டுக்கும் அதுதான் வருகிறது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வந்தபோது கலெக்டர் வந்து கருத்துக் கேட்டார். இதற்கு ஏன் கேட்கவில்லை?

நூற்பாலை | புதன் காலை 6:50

படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது அண்ணே.

தாய்ப்பத்திரம் | புதன் இரவு 10:33

புஞ்சைக்காடு அண்ணாச்சி, கூட்டம் போடாததற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு ஆறுதல் தராது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சோலாரும் காற்றாலையும் இல்லை. பட்டியலில் இல்லாததால் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. புகையில்லாத தொழில், சீக்கிரம் வரட்டும் என்று விட்டது. அந்த நோக்கம் எனக்குப் புரிகிறது. விளைவு என்னவென்றால், ஊர்க்காரர் தன் பேச்சைச் சொல்ல மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்தப் பத்திரம்தான். அதையும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் அவருக்குப் பேச இடமே இல்லாமல் போகிறது.

இதில் என் தொழிலின் பங்கை நான் மறைக்கப் போவதில்லை. ஆந்திர வழக்கு மாதிரி விஷயங்களில் 'ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம், ஒரு எழுத்து மாறக்கூடாது' என்று தொண்டை கிழியப் பேசுகிறோம். அதே வாயால் கிராமத்தில் 'பாதையெல்லாம் வாய்ப்பேச்சு, பத்திரத்தில் வராது' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஐந்தாறு வருடமாக நான் பார்க்கும் பத்திரங்களில் சில வரிகளை விடாப்பிடியாகச் சேர்க்கிறேன். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வண்டிப்பாதை புள்ளிக்கோடாக இருந்தால் அதன் அகலத்தோடு பத்திரத்தில் வர வேண்டும். ஓடை எந்தத் திசையில் போகிறது, அதன் குறுக்கே மேடு போடக்கூடாது. கிணற்றுப் பங்கு. குத்தகை என்றால் வருடந்தோறும் வாடகை ஏறும் கணக்கு. கம்பெனி கை மாறினால் புதியவரையும் இது கட்டும். முடிந்தபின் பேனலையும் இரும்பையும் காங்கிரீட்டையும் யார் செலவில் எடுப்பது, அதற்கான பணம் எங்கே இருக்கும். முப்பது வருடத்துக்குள் குத்தகை என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், தாண்டினால் 4 என்பதால் எல்லாரும் 29 வருடம் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். அந்த 11 மாதத்தைக் கணக்கிட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு முப்பதாவது வருடம் நிலம் எப்படி இருக்கும் என்று எழுதவும் தெரிய வேண்டும். 2022 மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது. ஆனால் அது தயாரிப்பாளரைக் கட்டும் விதி. உங்கள் நிலத்தைக் காலி செய்து தருவது பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு.

கட்சிக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். சர்வதேச நிதிக் கழகம் போன்ற இடங்களிலிருந்து கடன் வந்தால் சுளிப்பதில்லை, அவர்களே நிலம், பாதை, வாழ்வாதாரம் பற்றி அறிக்கை கேட்பார்கள். உள்ளூர்க் கடன் என்றால் நாம்தான் வாதாட வேண்டும். நான் சொல்வது இதுதான்: பாதைக்கு விடும் பன்னிரண்டு அடியின் விலை, ஒரு தடையுத்தரவில் போகும் ஒரு வாரத்தின் விலையைவிடக் குறைவு.

உங்கள் பாதை பற்றி: பத்திரத்தில் இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுப்போய்விடவில்லை. 1882 வசதியுரிமைச் சட்டத்தில், ஒரே நிலத்தைப் பிரித்து விற்றபோது உள்பக்கத்து நிலத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் அவசிய வழி கேட்கலாம். இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் பயன்படுத்திய பாதை என்றால் அது தனி வாதம். புலப்படத்தில் பாதை குறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓடை புறம்போக்கு என்றால் அதை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை, தாசில்தாருக்கே மனுக் கொடுக்கலாம்.

மன்னார்த்தீவு | வியாழன் மாலை 6:14

நான் மன்னாரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைப்பது எல்லாம் எங்களுக்கும் பொருந்துகிறது, அதனால் குறுக்கிடுகிறேன். எங்கள் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை 2020-இல் திறக்கப்பட்டது. முப்பது காற்றாடி, 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். அதற்குப் பிறகு மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து அதானி கிரீனின் 484 மெகாவாட் திட்டம் வந்தது. 2022 ஜூனில் நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்தைத் திருத்தியபோது, பெரிய திட்டங்களுக்குப் போட்டி ஏலம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி நின்றது, நடக்கவில்லை. பின்னர் ஏலம் இல்லாமலே இருபது வருடத்துக்கு அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் (சென்ட்) என்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின (உங்கள் ஊரில் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்). மன்னார், பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் போகும் வழி. ஆட்சி மாறி, விலையை மீளாய்வு செய்யப் போவதாகச் சொன்னதும் 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது.

எனக்கு இதில் வெற்றி தோல்வி ஒன்றும் தெரியவில்லை. நாட்டுக்கு 2030-இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கு இருக்கிறது, அது வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் முதலில் ஏலம் விட்டு, சனத்தோடு கதைத்து, காணி உறுதியையும் (நிலப் பத்திரம்) பறவைப் பாதையையும் பார்த்துவிட்டுத் தொடங்கியிருந்தால் இன்றைக்குக் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். 2025 ஓகஸ்டில் வேறு சிறிய திட்டங்களுக்கு எதிராகவே சனம் மன்னார் நகரில் வீதிக்கு வந்தது. நம்பிக்கை போன பிறகு நல்ல திட்டத்தையும் நம்பமாட்டார்கள்.

தாய்ப்பத்திரம் | வியாழன் இரவு 9:20

பறவை என்றதும் எங்கள் கானமயில் வழக்குதான். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான், குஜராத்தில் ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டரில் மேல்கம்பி போட வேண்டாம், பூமிக்கடியில் போடுங்கள் என்றது. கானமயில் கனமான பறவை, முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது, கம்பியில் மோதிச் செத்துவிடும். பாலைவனத்துச் சோலார் திட்டங்கள் பலவும் திகைத்து நின்றன. 2024 மார்ச்சில் அதை மாற்றி நிபுணர் குழுவிடம் விட்டது. அதே தீர்ப்பில்தான் பருவநிலை மாற்றத்தின் கேட்டிலிருந்து காக்கப்படுவதும் அடிப்படை உரிமை என்று வந்தது. கம்பி எந்த வழியாகப் போகும் என்று முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய விஷயம், மூன்று வருட வழக்காக ஆனது.

கரிசல்வக்கீல் | வெள்ளி இரவு 10:02

எல்லாருக்கும் நன்றி. இன்று நிறுவனத்தில் பேசினேன். சேருவதாகச் சொல்லிவிட்டேன், மாசிக்குப் பிறகு. இரண்டு நிபந்தனை கேட்டேன். நான் பார்க்கும் நிலத்தை நேரில் போய் நடந்து பார்த்துத்தான் கருத்துரை எழுதுவேன். விற்பவர் வீட்டில் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. முதலாவதுக்கு உடனே சரி என்றார்கள். இரண்டாவதுக்கு யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள், சாயங்காலம் சரி என்று மெயில் போட்டார்கள்.

புஞ்சைக்காடு அண்ணாச்சி, அங்கே சேரும்வரை நான் கோவில்பட்டி வக்கீல்தான். உங்கள் எதிர்த்தரப்புக் கம்பெனி அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர் இல்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். உங்கள் ஊர் எனக்கு நாற்பது கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

புஞ்சைக்காடு | சனி காலை 5:48

வாங்க தம்பி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் போன் போடுங்கள், நான் வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன். என்ன எடுத்து வைக்க?

கரிசல்வக்கீல் | சனி காலை 6:30

கிரயப் பத்திர நகல், அந்த நாலு ஏக்கருக்கும் மிச்ச மூன்று ஏக்கருக்கும் சேர்த்து. தாய்ப்பத்திரம் இருந்தால் அதுவும். வில்லங்கம் 1975-இலிருந்து போட்டு வையுங்கள். புலப்படம் நான் எடுத்து வருகிறேன். அப்புறம் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டிய வயசான ஆட்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுவையுங்கள். வேலி போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் எடுத்த போட்டோ, கல்யாண வீட்டு போட்டோவாக இருந்தாலும் பரவாயில்லை, தடம் தெரிந்தால் போதும்.

புஞ்சைக்காடு | சனி காலை 6:41

போட்டோ இருக்கிறது. என் தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டி வந்தது அந்தத் தடத்தில்தான்.